இடமிருந்து இரண்டாவது

ஸ்வென்போர் துறைமுகம். படகுப் பட்டறைக்கு மேல்மாடி.
அச்சுப்பொறி ஒன்று; வாடகை ஆளுக்குப் பாதி.
மஞ்சள் விளக்கடியில் ஓலுஃப்:
வேலைக்கு முன் வெயில் பட்டால் அவன் பாலிமர் தகடு பாழ்.
ஜன்னலோரம் நான்,
செம்பும், நான்கு தொட்டி இரும்புக் குளோரைடும்,
எந்தச் சோப்புக்கும் போகாத நகக்கண் கறையும்.

இங்கெலிசே ஹோல்ம்கோர் ஒரு புகைப்படத்தோடு வந்தாள்.
புதுப் படகை நீரில் இறக்கிய நாள்,
மேல்தளத்தில் ஐந்து பிள்ளைகள்,
காற்றுக்கு ஒரே பக்கம் சாய்ந்த தலைமுடி.
"ஆளுக்கொன்று அச்சிட்டுக் காட்டுங்கள்.
பிடித்ததில் பத்துப் பிரதி வாங்கிக்கொள்கிறேன்."
கொஞ்சம் தயங்கி,
"எது மலிவு?"

ஓலுஃப் காலையில் தொடங்கினான்.
புறஊதா விளக்கடியில் முதலில் புள்ளித் திரை, பிறகு படம்.
குழாய்த் தண்ணீரில் தூரிகையால் வருடினான்;
ஒளி படாத இடமெல்லாம் கஞ்சியாகக் கரைந்து போயிற்று.
தலை உலர்த்தும் கருவியால் காயவைத்து
மறுபடி விளக்கில் காட்டி இறுக்கி
மதியச் சாப்பாட்டுக்குள் முதல் அச்சை எடுத்துவிட்டான்.
பாய்மரக் கயிற்றின் முறுக்கை எண்ணலாம்.

எனக்கு ஐந்து நாள்.
செம்பின் விளிம்பை அரத்தால் சாய்த்தேன்.
பெட்டிக்குள் குங்கிலியத் தூளைக் கிளப்பிவிட்டு
அது தகட்டில் படியும்வரை மூச்சடக்கி நின்றேன்.
முதல் ஜெலட்டின் தாள் குமிழி கட்டியது; கிழித்தெறிந்தேன்.
இரண்டாவது ஒட்டியது.
பிறகு தொட்டிகள். அடர்ந்த கரைசல் முதலில்:
ஜெலட்டின் மெலிந்த இடம், நிழல், அதற்குத்தான் முதல் கடி.
நீர் கூடக்கூடத் தடித்த இடங்களும் வழிவிடும்.
கடைசித் தொட்டியில் வானம்.
கடிகாரம் தேவையில்லை, கண்ணே போதும் என்று
பீற்றிக்கொள்வது உண்டு. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.
அப்படியும் அரை நிமிடம் பிந்தி
அடிவானம் அழுக்காயிற்று.

இரண்டையும் அருகருகே மாட்டினோம்.
"வித்தியாசம் இருக்கிறதா?" என்றாள் இங்கெலிசே.
"இருக்கிறது" என்றோம் இருவரும் ஒரே மூச்சில்.
என்ன என்று சொல்லத் தெரியாமல்
காபி போடப் போனோம்.

கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னாள்:
"இடமிருந்து இரண்டாவது, என் அண்ணன் வில்லாஸ்.
எங்களைக் கேட்காமல் படகை விற்றவன்.
அவன் வேண்டாம்."

ஓலுஃபுக்கு அது ஒரு பிற்பகல் வேலை.
கணினியில் அண்ணனைத் துடைத்தான்,
அவன் மறைத்திருந்த கடலை ஊகித்து நிரப்பினான்,
புதுத் தகடு, புது அச்சு.
நான்கு பிள்ளைகள். என்றைக்கும் நால்வர்தான்.
மூன்றாவதாக நிற்கும் சிறுமியின் இடத்தோள் மட்டும்
சற்றே தாழ்ந்திருந்தது;
எதன் பாரம் என்று படத்தில் இல்லை.

நான் எண்ணெய் தொட்டு
மெருகுக் கம்பியால் செம்பைத் தேய்த்தேன்.
குழி தூர்ந்தால் மை தங்காது,
மை தங்காவிட்டால் ஆள் கிடையாது: கணக்கு அவ்வளவுதான்.
இரண்டு நாள் தேய்த்தும்
சாம்பலாய் நின்றான்: ஒரு காது, சட்டைக் காலர்,
தங்கையின் தோள்மேல் ஒரு கை.

இங்கெலிசே ஓலுஃபின் அச்சில் பத்து வாங்கினாள்.
சுருட்டாமல் அட்டைக்குள் வைக்கச் சொன்னாள், பணம் தந்தாள்.
வாசல்வரை போனவள் என் மேசைக்குத் திரும்பி வந்தாள்.
"இன்னும் தேய்த்தால் போய்விடுவானா?"
"போவான். அந்த இடம் பள்ளமாகும், மை திட்டாகத் தேங்கும்."
தன் இடத்தோளைத் தடவிக்கொண்டாள். குளிரோ என்னவோ.
"தேய்க்க வேண்டாம்" என்றாள்.
"வாங்கவும் மாட்டேன்."

அவள் படியிறங்கிப் போனபின்
ஐவர் இருந்த தன் பழைய தகட்டைக்
குப்பைக்கூடைவரை கொண்டுபோனான் ஓலுஃப்.
பிறகு என்ன நினைத்தானோ,
காற்றுக்கு லொடலொடவென்று ஆடும் என் ஜன்னல் சட்டத்தில்
அதை ஆப்பாகச் செருகினான்.
"வெயில் படுமே" என்றேன்.
"படட்டும். இனி இறுகத்தான் செய்யும்."